போல் வால்ட்: பார் விழுந்ததும் பாரையே பாத்துட்டு நிக்காதீங்க

போல் வால்ட்ல, அதாவது கம்ப ஊனி உயரம் தாண்டறதுல, பார் (தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பி) தட்டி விழுந்துருச்சுன்னா கோச்சு, பையன், ஓரமா நிக்கற அவங்கப்பா எல்லாரும் மேல என்ன நடந்துச்சுன்னுதான் பேசறாங்க. "இடுப்ப இன்னும் தூக்கியிருக்கணும்", "நெஞ்சு இடிச்சிருச்சு", இப்படி. மேல தெரியற தப்பு பெரும்பாலும் கீழ ரன்வேலயே (ஓடி வர்ற பாதைல) பண்ணி முடிச்சதுதாங்க, கால் தரைய விட்டதுக்கப்புறம் அத திருத்த நேரமே கிடையாது. அதனால மொதல்ல பாக்க வேண்டியது டேக் ஆஃப் கால் (எகிறற கால்) எங்க விழுந்துச்சுன்னு.

வலது கைக்காரங்களுக்கு வலது கை மேல, எகிறறது இடது கால்ல. போல் கம்ப பாக்ஸ்ல (ரன்வே முடியற இடத்துல இருக்கற குழில) ஊனி மேல் கைய நேரா நீட்டுனா, அந்தக் கைக்கு நேர் கீழ கால் முனை இருக்கணும். அத தாண்டி பாக்ஸ் பக்கமா உள்ள போயிட்டா அதுதான் 'உள்ள வர்றது'. போல் உடம்ப பின்னாடி இழுக்கும், ஓடி வந்த வேகம் அங்கயே செத்துரும், இடுப்புக்கும் முதுகுக்கும் நல்லா அடி விழும். இங்கதான் தப்பான ஃபீட்பேக் வருது. ஒன்பதாவது படிக்கற பொண்ணு ஒரு சாண் உள்ள வருது, கோச் "ஒரு அடி பின்னாடி போ கண்ணு"ங்கறாரு, அதுவும் ஓட ஆரம்பிக்கற இடத்துல ஒட்டுன டேப்ப பிச்சு ஒரு அடி பின்னாடி ஒட்டிட்டு ஓடி வருது, மறுபடியும் அதே ஒரு சாண் உள்ளதான் இருக்கு. எப்படின்னா பாக்ஸ் தூரமா தெரிஞ்சதும் கடைசி ரெண்டு ஸ்டெப்ப இழுத்து நீட்டி வச்சிருக்கு. இன்னொரு அடி பின்னாடி அனுப்புனா இன்னும் நீட்டும், அவ்ளோதான்.

இதுக்கு மிட் மார்க் வைங்க. டேக் ஆஃப்க்கு ஆறு ஸ்டெப் முன்னாடி கால் எங்க விழணுமோ அங்க ரன்வே ஓரமா ஒரு டேப் ஒட்டி, கோச் அத பாத்து நிக்கணும், பையன் அத பாக்கவே கூடாது. மிட் மார்க் சரியா இருந்தும் கால் உள்ள வந்தா கடைசி ஸ்டெப்புகள இழுக்கறான்னு அர்த்தம், மிட் மார்க்கே உள்ள வந்துட்டா ஆரம்பிக்கற இடத்தயோ மொத ஸ்டெப்புகளயோ சரி பண்ணுங்க. ஆடி மாசம் எதிர்காத்து அடிக்கும்போது ஸ்டெப் சுருங்கும், அன்னிக்கு ஆரம்ப மார்க்க முன்னாடி கொண்டு வந்தே ஆகணும், நேத்து அளந்தது அதேதான்னு அடம் புடிக்கறதுல பிரயோஜனம் இல்ல.

பிளான்ட் (கைய மேல தூக்கி போல் கம்ப பாக்ஸ்ல ஊனறது) லேட்டாகறது இதோட கூடப்பிறந்தது. கடைசி மூணு ஸ்டெப்லயே கை மேல போக ஆரம்பிச்சிரணும், கால் தரைய விடறதுக்குள்ள மேல் கை முழுசா நீண்டிருக்கணும். நெறைய புள்ளைங்க பாக்ஸயே குனிஞ்சு தேடிட்டு வருவாங்க, தலை குனிஞ்சா வேகமும் குறையும் கையும் கீழயே நின்னுரும். "சீக்கிரம் தூக்கு"ன்னு பத்து தடவ கத்தறத விட நடந்துக்கிட்டே மூணு ஸ்டெப் பிளான்ட் பண்ண வைங்க, போரடிக்கும்தான், ஆனா ஒட்டிக்கும்.

வேகத்துக்கு வருவோம். நொடிக்கு 9 மீட்டர் வேகத்துல வர்றவனோட வேகம் மொத்தமும் உயரமா மாறுச்சுன்னா கணக்குப்படி 4 மீட்டர் சொச்சம் ஏறலாம், அதுக்கு மேல ஏற்கெனவே இடுப்பு இருக்கற உயரமும் கைல தள்ளறதும் சேரும். அவ்ளோ முக்கியம் வேகம். நம்மூர்ல என்ன பண்றாங்கன்னா கால் பலத்துக்குன்னு ஏற்காடு அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஓட விடறாங்க. தூர ஓட்டக்காரனுக்கு அது அருமை. வால்ட்டருக்கு மெதுவா ரொம்ப நேரம் ஓடத்தான் பழக்கும். மலை வேணும்னா 30 மீட்டர் ஏத்தத்துல முழு வேகத்துல ஓடி, நல்லா மூச்சு வாங்கிட்டு அடுத்தது ஓடுங்க, இறக்கத்துல நடந்தே வாங்க.

அடுத்து மொபைல். வீடியோ எடுக்கறது நல்லதுதான், ஆனா விழற மெத்தைக்கு (மேட்) பின்னாடி நின்னு எடுத்தா கால் கைக்கு கீழ இருக்கா உள்ள இருக்கான்னு தெரியவே தெரியாது. டேக் ஆஃப் இடத்துக்கு நேர் பக்கவாட்டுல, கொஞ்சம் தள்ளி, போன அசைக்காம வச்சு ஸ்லோமோஷன்ல எடுங்க. அப்புறம் ஸ்வீடன் வால்ட்டர் டுப்லாண்டிஸ் 2025 டோக்கியோல 6.30 மீட்டர் தாண்டுன வீடியோவ போட்டுக் காட்டி "இப்படி தலைகீழா நில்லு"ன்னு சொல்றத விட்ருங்க சார், அவரு சின்ன வயசுலயே வீட்டுப் பின்பக்கம் பிட் (தாண்டிப் பழகற இடம்) வச்சு அப்பாம்மா கிட்ட பழகுன ஆளு. பாத்துட்டு வந்த பையன் தரைய விட்டதுமே ரெண்டு முட்டியயும் மடக்கி கையால இழுப்பான், பின்கால் நீளமா ஸ்விங் ஆகவே ஆகாது. நம்ம தமிழ்நாட்டு வால்ட்டர் ரோஸி மீனா 2022 நேஷனல் கேம்ஸ்ல 4.20 மீட்டர் தாண்டுனத காட்டுங்க, டேக் ஆஃப் வரைக்கும் மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டுங்க.

மேட்ல விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள "கை, கால், தலை, இடுப்பு"ன்னு நாலு குறை சொன்னா அடுத்த ஜம்ப்ல நாலும் போகும். "என்னடா தோணுச்சு?"ன்னு மொதல்ல அவன கேளுங்க. "கால் உள்ள வந்துச்சு சார்"னு அவனே சொல்லிட்டான்னா உங்க வேலை பாதி முடிஞ்சுது. அப்புறம் ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்க, அடுத்த ரெண்டு மூணு ஜம்ப்புக்கு அத மாத்தாதீங்க. நடுவுல பெரியப்பா ஒருத்தர் வேலி ஓரமா நின்னு தனியா கோச்சிங் குடுப்பாரு, அவர டீ சாப்பிட கூட்டிட்டுப் போயிருங்க.

கடைசியா சொன்னாலும் ஆபத்தானது கிரிப், அதாவது போல்ல எவ்ளோ மேல புடிக்கறாங்கங்கறது. ஒரு ஜம்ப் நல்லா வந்துட்டா போதும், அடுத்ததுக்கு ஒரு ஜாண் மேல புடிச்சிருவாங்க. போல் நேரா நிமிராம பாதில நின்னு பையன் ரன்வே பக்கமே திரும்ப விழுவான். போல் நிமிரலன்னா கிரிப் கீழ இறங்கணும், இதுல பேச்சே வேண்டாம். பார தாங்கற ஸ்டாண்ட பாக்ஸோட பின்சுவத்துல இருந்து 80 சென்டிமீட்டர் வரைக்கும் பின்னாடி தள்ளி வைக்கலாம், பழகற புள்ளைங்களுக்கு தள்ளியே வைங்க, மேட்டுக்கு நடுவுல விழப் பழகுவாங்க. போல்ல எழுதியிருக்கற வெயிட் (அது தாங்கற எடை) பையனோட வெயிட்ட விட கம்மியா இருக்கவே கூடாது. அண்ணனுங்க விட்டுட்டுப் போன பழைய போல்ல அந்த நம்பரே அழிஞ்சு போயிருக்கும், இல்ல நடுவுல கீறல் விழுந்திருக்கும், "போன வருஷம் தாங்குச்சே"ன்னு எவனாச்சும் சொல்லுவான். அந்தப் போல எடுத்து ஸ்டோர் ரூம்ல வச்சு பூட்டி சாவிய நீங்களே வச்சுக்கங்க.