மூன்றடுக்குக் கேக்குக்குப் பதிலாகக் கப்கேக் கோபுரம்: நூறு பேருக்கு வீட்டிலேயே செய்யலாம்

தேவாலயத்தில் திருமணம் முடிந்து வரவேற்புக்கு வந்ததும் மணமக்கள் கேக் வெட்டுவது நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். அந்தக் கேக்கின் விலையைக் கேட்டுத்தான் பல வீடுகள் மலைத்துப்போகின்றன. மைதாவும் சர்க்கரையும் அந்த விலையில் சிறு பங்குதான். அடுக்குகளைத் தாங்கும் தூண்கள், வழுவழுப்பான சர்க்கரைப் போர்வை, பூ வேலை, மண்டபத்துக்குக் கொண்டுவரும் கூலி என்று மீதித் தொகை போகிறது. மேடையில் வெட்டுவதற்குச் சிறிய கேக் ஒன்று போதும். விருந்தினர் சாப்பிடுவதற்கு வேறொன்றைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

இப்படிப் பிரிப்பது புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், பிரிட்டனில் கேக்கின் மேல் சர்க்கரை ஐசிங் பூசத் தடை வந்தது. அட்டையில் செய்த உயரமான கேக் கூட்டை வாடகைக்கு எடுத்து, அதற்குள் சிறிய கேக்கை வைத்துத் திருமணங்களை நடத்தினார்கள். இலங்கையில் இன்றும் மண்டபத்தில் நிற்கும் அடுக்குக் கேக் பல வேளை வெறும் அலங்காரக் கூடுதான். விருந்தினருக்குச் சிறு பெட்டியில் ரிச் கேக் (உலர்பழங்கள் நிறையச் சேர்த்த கேக்) துண்டு தனியாக வரும்.

நமக்கு எளிதாகக் கைவருவது கப்கேக் கோபுரம். உச்சியில் வெட்டுவதற்கு ஒரு சிறிய கேக், கீழே வட்டம் வட்டமாகக் கப்கேக்குகள். கத்தியும் தட்டும் தேடாமல் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

கலவை

முட்டை, வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா நான்கும் ஒரே எடை. இது நினைவில் இருந்தால் அளவுக் குறிப்பே வேண்டாம். 4 முட்டை ஏறத்தாழ 200 கிராம் வரும். மற்ற மூன்றும் தலா 200 கிராம். அதோடு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வெனிலா, இரண்டு மேசைக்கரண்டி பால். இதில் 24 கப்கேக் கிடைக்கும். ஐந்து முறை செய்தால் 120. அதாவது 20 முட்டையும், மற்ற மூன்றும் தலா ஒரு கிலோவும்.

உப்பில்லாத வெண்ணெயையும் முட்டையையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பொங்கும்வரை அடிப்பதில் அவசரம் கூடாது. கேக்கின் மென்மை இங்கேதான் உருவாகிறது. பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். கலவை திரிந்ததுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதா போடுங்கள், சேர்ந்துவிடும். மைதாவையும் பேக்கிங் பவுடரையும் சலித்துச் சேர்த்து, மாவு மறையும்வரை மட்டும் மெதுவாகக் கலக்குங்கள். அதற்குமேல் அடித்தால் கேக் இறுகும்.

காகிதக் கிண்ணங்களில் பாதிக்குச் சற்று மேலாக நிரப்பி, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும். ஐந்து மடங்கு மாவையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். காத்திருக்கும் மாவில் பேக்கிங் பவுடரின் வீரியம் குறையும்.

வெட்டும் கேக்குக்கு அதே கலவையை 3 முட்டை அளவில் செய்து, 6 அங்குல வட்டத் தகரத்தில் 165 டிகிரியில் சுமார் 45 நிமிடம் வேகவிடுங்கள். எல்லாவற்றையும் முதல் நாளே சுட்டு, நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கலாம்.

மேல்பூச்சு

நம் ஊர் வெயிலில் வெண்ணெய்க் கிரீம் வேண்டவே வேண்டாம். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். குளிரூட்டாத மண்டபத்தில் அது வழிந்துவிடும். அடித்த கிரீமும் நிற்காது. கரிய சாக்லேட் காம்பவுண்டு (கேக் வேலைக்கென்று கட்டியாக விற்கும் சாக்லேட்) இரண்டு பங்கு, சூடான கிரீம் ஒரு பங்கு சேர்த்துக் கலக்கினால் பளபளப்பான பூச்சு கிடைக்கும், ஆறியதும் இறுகும். 24 கப்கேக்குக்கு 200 கிராம் காம்பவுண்டும் 100 மில்லி கிரீமும் போதும். அன்று காலையில் பூசுங்கள்.

பூ வைப்பதாக இருந்தால் அரளி பக்கமே போகாதீர்கள், அது நஞ்சு. கடை ரோஜாவில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். அடியில் பட்டர் பேப்பர் வைத்து, வெட்டும் முன் எடுத்துவிடுங்கள்.

கோபுரம்

55, 40, 25 செ.மீ. விட்டத்தில் மூன்று வட்டப் பலகைகள் வேண்டும். பிளைவுட் கடையில் வெட்டித் தருவார்கள். வெள்ளைக் காகிதம் ஒட்டி, பலகைகளுக்கு நடுவில் 10 செ.மீ. உயரமுள்ள பிஸ்கட் டின்களை இருபக்க டேப்பால் உறுதியாக ஒட்டுங்கள். கீழ் வளையத்தில் 21, நடுவில் 14, மேலே 8 என்று 43 கப்கேக் அமரும். உச்சிப் பலகையின் நடுவில், இன்னொரு டின்னின் மேல் வெட்டும் கேக். மீதி 77உம் சமையலறைத் தட்டுகளில் இருக்கட்டும். கோபுரம் காலியாகக் காலியாக ஒருவர் நிரப்பிக்கொண்டே இருந்தால் போதும். இதற்கு ஓர் ஆளை முன்பே சொல்லிவையுங்கள்.

மண்டபத்திலேயே அடுக்குங்கள், அடுக்கியதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தால் கேக் வறண்டுவிடும்.

அடுப்புப் பக்கம் போகவே நேரமில்லாதவர்கள் தூத்துக்குடி மக்ரூனை வாங்கி இதே பலகைகளில் கூம்பு கூம்பாக அடுக்கலாம். எடை குறைவு என்பதால் ஒரு கிலோவிலேயே நிறைய நிற்கும். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கருதான் என்பதால் ஈரக்காற்றில் சீக்கிரம் நமத்துவிடும். விருந்து தொடங்கும்போதுதான் டின்னைத் திறக்க வேண்டும்.

முட்டை சாப்பிடாத விருந்தினரை மறந்துவிடாதீர்கள். ஒரு கப் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்ததும் அரைக் கப் எண்ணெய், சிறிது வெனிலா, ஒன்றரைக் கப் மைதா கலந்து, கப்கேக்குக்குச் சொன்ன அதே 180 டிகிரியில் சுட்டால் 12 கப்கேக் வரும். அவற்றுக்கு வேறு நிறக் காகிதக் கிண்ணம் போட்டு, தனித் தட்டில், எழுதி ஒட்டிய சீட்டோடு வையுங்கள்.