பாத்திக் கட்டே திண்ணை: எங்கள் ஒழுங்கையில் பொதுத்தோட்டம் போட்ட விதம்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை (சந்து) முடிகிற இடத்தில் இரண்டு பரப்புக் காணி பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது. சொந்தக்காரர் கனடாவில். இப்படியான காணி என்றால் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை விதானையாரிடமும் (கிராம அலுவலர்) கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சு பிறகு வழக்கில் முடியும்.

முதல் வருடம் நாங்கள் செய்தது பிழை. ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் வரிசையாகச் சீமெந்து வாங்குகள். இருக்க வந்தவர்கள் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் விட வந்தவர்கள் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வெண்டிக்காய் முற்றி நெற்றாகி நின்றது. அடுத்த வருடம் வாங்குகளை உடைத்துவிட்டு, பாத்தியின் கட்டையே திண்ணையாக்கினோம்.

அளவு இதுதான்: கட்டு ஒன்றரை அடி உயரம், மேல்விளிம்பு ஓரடி அகலம். பாத்தியின் உள்ளகலம் மூன்றடிக்கு மேல் வேண்டாம். இருந்தபடியே இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள். முதலில் காவோலையை (காய்ந்த பனையோலை) வெட்டிப் போட்டு, மேலே மாட்டெருவும் செம்மண்ணும். மண் வாங்கத் தேவையில்லை. நடைபாதைக்கு வெட்டிய மண்ணைப் பாத்திக்குள் கொட்டிவிட்டு, பாதைக்கு மணல் பரப்பினோம். பாதை நான்கடி, படலையும் நான்கடி. சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் தாராளமாகப் போகும்.

இதையெல்லாம் கீறுவதற்கு முன் நிழலைப் பாருங்கள். காலை ஒன்பது, நண்பகல், பின்னேரம் நாலு மணிக்கு மர நிழலின் விளிம்பைச் சுண்ணாம்பால் குறியுங்கள். ஆடியில் குறித்ததை அப்படியே நம்பக் கூடாது. மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்துவிடும். 30 அடி மரத்தின் நிழல் நண்பகலிலேயே ஏறத்தாழ 20 அடி வடக்கே நீளும். நமக்கு மரக்கறி நன்றாக வருவது அந்த மாதங்களில்தான். ஆகவே தெற்கு எல்லையில் பெரிய மரம் வைக்காதீர்கள். மேற்கில் ஒரு வேம்பு நின்றால் போதும். ஆட்கள் கூடுகிற பின்னேரத்தில் அதன் நிழல் கிழக்கே விழும். அந்த நிழலுக்குள் வருகிற பாத்திகளில் வல்லாரையும் பொன்னாங்காணியும், வெயில் பாத்திகளில் கத்தரி, வெண்டி, மிளகாய். வேம்பின் கீழே இருபதடி இடத்தை வெறும் மணலாக விட்டோம். வாசிகசாலைக் கூட்டம், பிள்ளைகளின் கிளித்தட்டு, எப்போதாவது ஒடியல் கூழ், எல்லாம் அங்கேதான்.

வேலி கிளுவைக் கதியால். ஐப்பசி மழையோடு நட்டால் தானாகப் பிடிக்கும். தென்மேற்கு மூலையில் மட்டும் பூவரசை நெருக்கி வையுங்கள், சோளகம் (தென்மேற்குக் காற்று) புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஆடு புகுகிற வேலி ஓட்டையை அடைப்பது தனி வேலை. எங்களுக்கு இன்னும் முடியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கில்லை. குடிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் அதே தண்ணீர்தான். பாத்தியில் போடும் யூரியா கிணற்றுக்குள் வந்து சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. குடாநாட்டில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. அதனால் எரு, பூவரசங்குழை, கிளிசிரியாக் குழை தவிர வேறொன்றும் உள்ளே வரக் கூடாது என்று எழுதி வைத்தோம். கை கழுவும் குழாயின் தண்ணீர் வாழைக்குப் போகிறது. கார்த்திகையில் வாளிகளைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள், டெங்குக் காலம்.

கடைசியாக, ஆர் பொறுப்பு? எல்லாம் எல்லாருக்கும் என்று விட்டால் ஒருவரும் இறைக்க மாட்டார்கள். எட்டுப் பாத்தியை எட்டு வீட்டுக்குப் பிரித்தோம். ஒழுங்கை ஓரத்து வல்லாரைப் பாத்தி மட்டும் பொது. போகிற வருகிற எவரும் ஒரு பிடி ஆயலாம். அங்கேதான் கூட்டம் அதிகம். ஆய்ந்த பிறகும் எழும்புகிறார்கள் இல்லை, பின்னேரம் முழுக்கப் பாத்திக் கட்டிலே குந்தியிருந்து ஊர்க்கதை. தண்ணீர் இறைக்கும் மோட்டர் பெட்டியின் திறப்பு (சாவி) மட்டும் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். இப்போது அது என்னிடம் இருப்பதால், விடிய ஐந்து மணிக்கே என் படலையைத் தட்டுகிறார்கள்.