அப்பாவும் அம்மாவும் உலக முடிவுக்குக் காத்திருக்கும்போது பிள்ளைகள் செய்ய வேண்டியவை

2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழிந்துவிடும் என்று நம்பிய ஒரு கூட்டத்தில் என் பெற்றோர் சேர்ந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மல்லிகை. நவம்பர் கடைசியில் செடிகளின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தாக வேண்டும். அப்பா கத்தரியைத் தொடவே இல்லை. “பறிக்க யார் இருக்கப் போகிறார்கள்?” என்றார். இன்று அப்படி ஒரு வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

தேதியைப் பற்றி வாதாடாதீர்கள். நான் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் சண்டை போட்டேன். “பிள்ளைகளே எதிர்ப்பார்கள் என்று முன்பே சொன்னார்கள்” என்று அம்மா இன்னும் இறுகிப்போனார். சாப்பாடு, பாட்டியின் மருந்து, ஆட்டுக்குட்டி என்று வேறு பேச்சுகளை மட்டும் விடாமல் பேசுங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இன்றைக்கே நகலெடுத்து நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். என்னுடையவை மேலூர்ப் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியும் வைத்திருந்தேன். குடும்ப மானம் போய்விடும் என்று முதலில் மறைத்த இரண்டு மாதங்கள்தான் எனக்கு மிகக் கொடுமையானவை.

பள்ளியை நிறுத்தினாலோ, அடித்தாலோ, பூட்டி வைத்தாலோ 1098 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். 18 வயது நிறையாதவர்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. அழைப்பது பெற்றோரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

ஒரு கட்டத்துக்கு மேல் பொறுமை கூடாது. பட்டினி கிடக்கச் சொன்னாலோ, மருந்தை நிறுத்தினாலோ, எல்லோரும் ஓரிடத்தில் கூடி ஒன்றாகப் ‘போவது’ பற்றிப் பேசினாலோ அன்றே வெளியேறுங்கள். தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே தரும் எதையும் குடிக்காதீர்கள். 1978இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஒரு மதக் கூட்டத்தைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் விஷம் கலந்த பானத்தால். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் பிள்ளைகள். 2023இல் கென்யாவின் ஷகஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் கடவுளைக் காணலாம் என்று நம்பியவர்களின் உடல்கள் 400க்கும் மேல் தோண்டி எடுக்கப்பட்டன.

தேதி ஒன்றும் நடக்காமல் கடந்துபோகும். மறுநாள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நாள். அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு திரும்பி வருவார் என்று காத்திருந்த, வில்லியம் மில்லர் என்ற போதகரின் சீடர்களில் பலர் மனமுடைந்து விலகினார்கள். வேறு சிலர் அந்தத் தேதிக்கே புது விளக்கம் தேடிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் “நான் சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொன்னால், வெட்கப்பட்டு நிற்பவர் மறுபடியும் கூட்டத்துக்கே ஓடிவிடுவார்.

டிசம்பர் 22 காலையில் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கத்தரியைத் தீட்டினார். ஒரு மாதம் பிந்திய கவாத்து. நானும் கூடப் போய்க் குச்சிகளை வாரிப்போட்டேன். அம்மா மேலும் இரண்டு ஆண்டுகள் அந்தக் கூட்டத்துக்குப் போனார். பூ வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. வெள்ளிக்கிழமைதோறும் நான் கட்டிக்கொடுத்த சரத்தை அவர் சூடிக்கொள்ள மாட்டார். ஆனால், தண்ணீர் தெளித்து வாழையிலையில் சுற்றி வைத்திருப்பார்.