இரண்டு பேர் எப்படிச் சொந்தம்? ஆன்லைன் குடும்ப மரத்தில் வழி பிடிப்பது எப்படி

குடும்ப மரத் தளத்தில் இரண்டு பெயரைக் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினால், இன்னாருடைய அப்பா இன்னார், அவருடைய அம்மா இன்னார் என்று ஒரு நீண்ட சங்கிலி வந்து நிற்கும். அதில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து டைப் செய்து வைத்தது. நடுவில் ஒன்று தப்பாக இருந்தால் போதும், அதற்கு மேலே உள்ள அத்தனை பேரும் உங்களுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். அதனால் இந்த வேலையில் வழியைக் கண்டுபிடிப்பது சுலபமான பாதி, அந்த வழியை நம்பலாமா என்று பார்ப்பது கஷ்டமான பாதி. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வதில் பிரயோஜனமில்லை.

தேட ஆரம்பிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது ரத்த சொந்தமா, கல்யாண வழிச் சொந்தமா? விக்கிட்ரீ என்ற குடும்ப மரத் தளத்தில் இதற்குத் தனித்தனியாக இரண்டு கருவிகள் உண்டு. ரிலேஷன்ஷிப் ஃபைண்டர் இருவருக்கும் பொதுவான மூதாதையை மட்டும் தேடும். கனெக்‌ஷன் ஃபைண்டர் கல்யாணங்கள் வழியாகவும் தாவிப் போய், எது குறுக்கு வழியோ அதைக் காட்டும். ஜெனி என்ற தளத்திலும் ரத்த வழி, கல்யாண வழி என்று மாற்றிப் பார்க்கலாம். எந்த வழியில் வந்த பதில் என்று பார்க்காமலே "அந்தப் பிரபலம் நமக்குச் சொந்தம்" என்று குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. கல்யாணங்கள் வழியாகத் தாவலாம் என்றால் அந்த மரத்தில் இருக்கிற ஏறக்குறைய யாரையும் யாரோடும் சேர்த்துவிடலாம், அது சொந்தம் ஆகாது.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத், அவர் கணவர் இளவரசர் பிலிப். இவர்கள் இருவரையும் கல்யாண வழியையும் சேர்த்துத் தேடினால் "கணவன் மனைவி" என்று ஒரே படியில் பதில் முடிந்துவிடும், 1947-இல் கல்யாணம் செய்துகொண்டவர்கள்தானே. பொது மூதாதையைத் தேடச் சொன்னால்தான் அவர்கள் பிறப்பிலேயே சொந்தக்காரர்கள் என்பது வெளியே வரும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில்.

சரி, எந்தத் தளத்தில் தேடுவது? விக்கிட்ரீ, ஜெனி, ஃபேமிலிசெர்ச் மூன்றும் உலகத்துக்கே சேர்த்து ஒரே மரம், ஒரு ஆளுக்கு ஒரே பக்கம் என்ற கொள்கையில் ஓடுகிறவை. நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து மேலே கட்டிக்கொண்டு போக, முன்பின் தெரியாத ஒருவர் அவர் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வர, நடுவில் ஒரு கொள்ளுத்தாத்தாவிடம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆன்செஸ்ட்ரியிலும் மைஹெரிட்டேஜிலும் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மரம் வைத்திருப்பார். அங்கே உங்கள் மரத்துக்குள் இருக்கிற இரண்டு பேரின் உறவு தெரியும், ஆனால் வேறொருவர் மரத்தில் இருக்கிற ஆளோடு தானாக ஒட்டாது. டிஎன்ஏ பரிசோதனை செய்தவர்களுக்கு மட்டும் பல மரங்களைக் கோத்துப் பார்த்து ஊகம் சொல்லும் வசதியை இரண்டு நிறுவனங்களும் 2019-இல் கொண்டுவந்தன. அது ஊகம்தான் என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வழி தேட மட்டும் என்றால் பொது மரத்திலிருந்து தொடங்குங்கள், விக்கிட்ரீயும் ஃபேமிலிசெர்ச்சும் இலவசம்.

உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களை இந்தத் தளங்கள் மறைத்து வைக்கும், வைக்கவும் வேண்டும். ஃபேமிலிசெர்ச்சில் நீங்கள் சேர்த்த உயிரோடு இருப்பவர்களின் பக்கம் பொதுவாக உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், உங்கள் சொந்தக்காரர் அதே ஆளைத் தன் பக்கத்தில் தனியாகச் சேர்த்திருப்பார். அதனால் உங்களையும் இன்னொருவரையும் நேராகத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு பக்கத்திலும் காலமான தாத்தா பாட்டி வரைக்கும் ஏறுங்கள், அவர்களுக்குப் பொது மரத்தில் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உருவாக்குங்கள், அப்புறம் அந்த இரண்டு பேருக்கு நடுவில் வழி கேளுங்கள். கிடைத்த வழியில் கீழே உள்ள படிகளை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவர் விவரத்தை அவரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். தேடும்போது பெயரைக் கொடுக்காமல் அந்தப் பக்கத்தின் ஐடியைக் கொடுங்கள், ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். பெண்களைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரில் தேடுங்கள், விக்கிட்ரீ ஐடியே அதை வைத்துத்தான் உருவாகிறது.

பதில் வந்துவிட்டது என்று வையுங்கள். "தேர்ட் கசின்", "செகண்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்" என்றெல்லாம் இருக்கும். பொது மூதாதையிலிருந்து இருவருக்கும் எத்தனை தலைமுறை என்று தனித்தனியாக எண்ணுங்கள். சின்ன எண்ணில் ஒன்றைக் கழித்தால் எத்தனையாவது கசின் என்பது வரும், இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அந்த "ரிமூவ்ட்". விக்டோரியா மகாராணி எலிசபெத்துக்கும் நாலு தலைமுறை மேலே, பிலிப்புக்கும் நாலு தலைமுறை மேலே, ஆகவே தேர்ட் கசின், நம் கணக்கில் மூன்றுவிட்ட உறவு. டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் பிலிப்புக்கு மூன்று தலைமுறை மேலே, எலிசபெத்துக்கு நாலு. ஆகவே அந்த வழியில் செகண்ட் கசின், ஒரு தலைமுறை தள்ளி. இரண்டுமே உண்மை. தளம் முதலில் காட்டியதோடு நிறுத்திவிட்டால் இன்னொன்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும், அதனால் பொது மூதாதைகளின் முழுப் பட்டியலையும் பாருங்கள்.

கசின் என்ற பதிலை வைத்து ஒருவர் அண்ணன் முறையா மச்சான் முறையா என்று சொல்ல முடியாது. சங்கிலியில் பொது மூதாதைக்கு அடுத்த படியில் நிற்கும் இரண்டு பிள்ளைகள் அண்ணன் தம்பியா, அக்கா தங்கையா, அண்ணன் தங்கையா என்று பார்த்து அங்கிருந்து ஒவ்வொரு படியாக முறை சொல்லிக்கொண்டே இறங்குங்கள். அந்த இருவருக்கும் அப்பா மட்டும் ஒன்று, அம்மா வேறு என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மரங்கள் தனித்தனித் தளங்களில் இருந்தால் பட்டன் உதவாது, கையால்தான் செய்ய வேண்டும். அதற்கு 1590-இல் மிக்கேல் ஐட்சிங்கர் என்ற ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் பயன்படுத்திய எண் முறையை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. நீங்கள் 1. யாருடைய எண்ணாக இருந்தாலும் அதை இரட்டித்தால் அவருடைய அப்பா, இரட்டித்து ஒன்று கூட்டினால் அம்மா. அப்பா 2, அம்மா 3, அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5. இருவருக்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டு, இரண்டிலும் வருகிற பெயரைத் தேடுங்கள். எலிசபெத் பட்டியலில் விக்டோரியா 17. பாதியாக்கிக்கொண்டே வந்தால் (மீதியை விட்டுவிடுங்கள்) 8 ஏழாம் எட்வர்ட், 4 ஐந்தாம் ஜார்ஜ், 2 ஆறாம் ஜார்ஜ், 1 எலிசபெத். பிலிப் பட்டியலில் அதே விக்டோரியா 31. அங்கிருந்து 15 மகள் ஆலிஸ், 7 பேத்தி ஹெஸ்ஸே விக்டோரியா, 3 பிலிப்பின் அம்மா, அவர் பெயரும் ஆலிஸ். எண்ணைப் பார்த்த உடனே வழி முழுவதும் தெரிந்துவிடுகிறது.

31, 15, 7, 3 எல்லாமே ஒற்றைப்படை என்பதைக் கவனியுங்கள், அதாவது முழுக்க முழுக்க அம்மா வழி. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். 1918-இல் கொல்லப்பட்ட ரஷ்ய ஜார் குடும்பத்தின் எலும்புகளை யெகாதெரின்பர்க் அருகே 1991-இல் தோண்டி எடுத்தபோது, ஜாரின் மனைவி அலெக்சாண்ட்ரா யார் என்று உறுதிசெய்ய பிலிப்பின் ரத்த மாதிரி பயன்பட்டது இதனால்தான். அலெக்சாண்ட்ரா அந்த 7-ஆம் எண்காரரின் கூடப்பிறந்த தங்கை. காகிதத்தில் போட்ட வழியும் ரத்தத்தில் இருந்த வழியும் ஒத்துப்போயின.

இப்போது கஷ்டமான பாதி. சங்கிலியை மேலிருந்து கீழே ஒவ்வொரு கண்ணியாகத் திறந்து, "இவர்தான் இவருடைய பெற்றோர் என்று எந்த ஆவணம் சொல்கிறது?" என்று கேளுங்கள். ஆள் இருந்தார் என்பதற்கு ஆதாரம் இருப்பது வேறு, அவர் இன்னாருடைய பிள்ளை என்பதற்கு ஆதாரம் இருப்பது வேறு. பிறந்த தேதி, இறந்த தேதி, கல்லறைப் படம் எல்லாம் இருக்கும், பெற்றோரோடு இணைக்கிற ஆவணம் மட்டும் இருக்காது, சங்கிலிகள் பெரும்பாலும் அறுவது அங்கேதான். பிறப்புப் பதிவும் ஞானஸ்நானப் பதிவும் பெற்றோர் பெயரைச் சொல்லும். அதைவிட எனக்குப் பிடித்தது உயில், "என் மகள், இன்னாருடைய மனைவி" என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறையையும் கட்டிக்கொடுத்துவிடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உஷாராக இருங்கள். அமெரிக்காவில் 1850 கணக்கெடுப்பிலிருந்து அடிமைகள் அல்லாத எல்லோருடைய பெயரும் உண்டு, ஆனால் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880-இலிருந்துதான் எழுதப்பட்டது. இடைப்பட்ட வருஷங்களில் ஒரே வீட்டில் இருக்கும் சிறுவன் மகனாகவும் இருக்கலாம், அண்ணன் பிள்ளையாகவும் இருக்கலாம், வேலைக்கு வந்தவனாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் 1841 கணக்கெடுப்பிலும் உறவு கிடையாது, போதாக்குறைக்கு 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். உறவு 1851-இல்தான் வருகிறது.

"பத்து மரத்தில் இப்படித்தான் இருக்கிறது" என்பது ஆதாரம் ஆகாது. ஒருவர் ஊகித்து எழுதியதை மற்ற ஒன்பது பேர் இறக்கிக்கொண்டிருப்பார்கள். ஜெட்காம் என்ற கோப்பு வடிவம் 1984-இலிருந்து இருக்கிறது, ஒரு மரத்தை அப்படியே எடுத்து இன்னொரு இடத்தில் ஏற்ற அது போதும், தப்பும் அதோடு சேர்ந்தே பயணம் செய்யும். ஆதாரம் என்ற இடத்தில் வேறொரு மரத்தின் பெயர் மட்டும் இருந்தால் அந்தக் கண்ணி இன்னும் காலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதிகளை வைத்தே பல தப்புகளைப் பிடித்துவிடலாம். அம்மா பத்து வயதில் பிள்ளை பெற்றிருக்கிறாரா, இறந்த பிறகு பெற்றிருக்கிறாரா, அப்பா இறந்து ஒரு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்ததா, அடுத்தடுத்த பிள்ளைகள் ஒரே வருஷத்தில் இரண்டு கண்டங்களில் பிறந்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் ஒரே பெயருள்ள இரண்டு பேரை யாரோ ஒரே ஆளாக்கிவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: இங்கிலாந்தில் 1752-க்கு முன்னால் சட்டப்படி வருஷம் மார்ச் 25-இல்தான் தொடங்கியது, அதனால் பழைய பதிவில் 1720 பிப்ரவரி என்று இருப்பது நம் கணக்கில் 1721. அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

"உறவு எதுவும் கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் உறவு இல்லை என்று அர்த்தமில்லை, மரத்தில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்றுதான் அர்த்தம். பல சமயம் ஒரே ஆளுக்கு இரண்டு பக்கங்கள் இருக்கும், ஒன்றில் அவருடைய பெற்றோர், இன்னொன்றில் அவருடைய பிள்ளைகள். இரண்டு பக்கத்திலும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கடைசி ஆட்களின் பெயரை வேறு வேறு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். இரட்டைப் பக்கம் அகப்பட்டால், இருவரும் ஒருவரே என்று உறுதியான பிறகு இணைக்கக் கேளுங்கள். வழி உடனே திறந்துவிடும்.

மிகப் பழைய தலைமுறைகளுக்குள் போகப் போக நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டே போங்கள். பணக்காரர்களுக்கு ராஜவம்சப் பரம்பரையைப் பொய்யாகத் தயாரித்துக் கொடுத்த குஸ்டாவ் அன்ஜூ போன்றவர்களின் கைவேலை இன்னும் மரங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கையும் பயங்கரமாக ஏறும், பத்து தலைமுறை மேலே போனால் 1,024 மூதாதை இடங்கள், இருபதில் பத்து லட்சத்துக்கும் மேல். அவ்வளவு இடங்களில் ஒரே ஆள் பலமுறை வருவது இயல்பு, அதனால் தூரத்தில் ஒரு பொது மூதாதை கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கிட்டத்துச் சொந்தம் என்றால் டிஎன்ஏ நல்ல சாட்சி. ஃபர்ஸ்ட் கசின்கள் சராசரியாக 12.5 சதவீதம் பகிர்வார்கள், செகண்ட் கசின்கள் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஃபோர்த் கசின்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எதுவுமே பொருந்தாமல் போகலாம், ஆகவே அங்கே பொருந்தவில்லை என்பதை வைத்துச் சொந்தமில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாக, கிடைத்த வழியை ஸ்க்ரீன்ஷாட்டோடு விட்டுவிடாமல் ஒவ்வொருவரின் ஐடி, அந்தக் கண்ணிக்கான ஆவணம், பார்த்த தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். பொது மரத்தை யார் வேண்டுமானாலும் திருத்துவார்கள், அடுத்த மாதம் அதே வழி இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கங்கள் இணைக்கப்பட்டால் விக்கிட்ரீயிலும் ஃபேமிலிசெர்ச்சிலும் பழைய ஐடி புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும், அதனால் ஐடி கையில் இருந்தால் எந்தக் கண்ணி மாறியது என்று பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.