அரசு வழக்கறிஞர் உங்கள் வக்கீல் அல்லர்: குற்ற வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு வட்டாரத்து நீதிமன்ற வராந்தாக்களில், மகனையோ கணவனையோ பறிகொடுத்து வந்து நிற்கும் குடும்பத்தார் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஏனுங்க வக்கீலய்யா, பி.பி. நம்ம வக்கீல்தானுங்களே? அவருக்கு எதாச்சும் குடுக்கோணுங்களா?" பி.பி. என்பது அரசு வழக்கறிஞரை (பப்ளிக் பிராசிக்யூட்டர்). கேட்பவர் மீது குற்றமில்லை, யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. வழக்கு இழுத்துச் செல்லும் ஆண்டுகளில் குடும்பத்தார் செய்யும் மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

அரசு வழக்கறிஞர் பாதிக்கப்பட்டவரின் வக்கீல் அல்லர். அரசின் சார்பில் வழக்கை நடத்துபவர். கொலையானாலும் கொடுங்காயமானாலும் அது சமுதாயம் முழுமைக்கும் எதிரான குற்றம் என்று சட்டம் கொள்வதால், தீர்ப்பின் முகப்பில் ஒரு தரப்பாக இருப்பது அரசுதான்; இறந்தவரின் தகப்பனார் பெரும்பாலும் 'அ.சா.1', அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, என்ற அளவிலேயே அதில் இடம்பெறுவார். நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர்கள், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதி, குற்ற வழக்கு தொடர்வுத் துறையில் பணியில் சேர்ந்தவர்கள். அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராக வருவதற்குக் குறைந்தது 7 ஆண்டுகளாவது வழக்கறிஞராகத் தொழில் புரிந்திருக்க வேண்டும். சிறப்பு அரசு வழக்கறிஞருக்கு 10 ஆண்டுகள் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18, 19ஆம் பிரிவுகள் இந்த நியமனங்களைப் பற்றியவை. இவர்களுக்கெல்லாம் ஊதியமோ கட்டணமோ தருவது அரசு. ஆகவே அந்த இரண்டாவது கேள்விக்கு விடை, ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை என்பதே. அவருடைய பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும், அது இடைத்தரகரே ஆனாலும், லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் செய்யத் தக்க குற்றம்.

முதல் கேள்விக்கான விடை இவ்வளவு எளிதாக ஏற்கப்படுவதில்லை. எப்பாடு பட்டேனும் தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் கடமை அன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மை இருந்தால் அதையும் மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியவர் அவர் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டதும், "அப்ப அவரு எதிராளிக்கும் சேத்திப் பேசுவாருங்களா?" என்று சிலர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. ஒரு தரப்புக்காக மட்டும் பேசும் வக்கீலின் வாதத்தை நீதிபதி அதற்குரிய எச்சரிக்கையோடுதான் கேட்பார். உண்மையின் பக்கம் நிற்கிறவர் என்று பெயரெடுத்த அரசு வழக்கறிஞர் 'இந்தச் சாட்சியை நம்பலாம்' என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குத் தனி எடை இருக்கிறது.

இது புரியாததால் நேரும் செலவு மிகுந்த தவறு ஒன்றுண்டு. அரசு வழக்கறிஞர் மீது நம்பிக்கையில்லாமல், தோட்டத்தை அடமானம் வைத்துப் பெரிய வக்கீலை அமர்த்திவிட்டு, இனி அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று குடும்பம் ஓய்ந்துவிடுகிறது. அமர்வு நீதிமன்ற விசாரணையை அரசு வழக்கறிஞரே நடத்த வேண்டும் என்பது சட்டம். நீங்கள் அமர்த்தும் வக்கீல் அவருடைய அறிவுரைக்குட்பட்டு உதவலாம். சாட்சிகளின் விசாரணை முடிந்தபின் நீதிமன்ற அனுமதியோடு எழுத்துமூல வாதம் தரலாம். சாட்சிக் கூண்டில் நிற்பவரை அவரே குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஏதேனும் கேள்வி விடுபட்டால் அதை அரசு வழக்கறிஞரிடம் எடுத்துத் தர வேண்டும் என்று 2019இல் ரேகா முராரகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தனி வக்கீல் வைத்துக்கொள்வது தவறே அல்ல; அரசு வழக்கறிஞரோடு பேச்சுவார்த்தையில்லாத தனி வக்கீலை வைத்துக்கொள்வதுதான் வீண். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை வழக்குகளில் நிலைமை வேறு. அங்கே பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை வழக்கு நடத்த அமர்த்துமாறு மாவட்ட ஆட்சியரிடம் கேட்க 1995ஆம் ஆண்டு விதிகளின் 4ஆவது விதி இடம் தருகிறது. இதை அறியாத குடும்பங்கள் நம் மாவட்டங்களில் இன்றும் மிகுதி.

போலீசையும் அரசு வழக்கறிஞரையும் ஒன்றாக எண்ணுவது அடுத்தது. இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. முன்பு நடுவர் நீதிமன்றங்களில் காவல்துறையினரே வழக்கு நடத்தி வந்தார்கள், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அதை மாற்றியது. இன்று புலன் விசாரணை காவல்துறையின் வேலை, வழக்கு நடத்துவது அரசு வழக்கறிஞரின் வேலை. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற சரளா எதிர் வேலு வழக்கில், அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுத்தான் குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்குக் கட்டளையிட முடியாது என 2000ஆம் ஆண்டில் தீர்ப்பானது. ஆகவே 'இன்னாரை ஏன் சேர்க்கவில்லை, அந்த அரிவாளை ஏன் கைப்பற்றவில்லை' என்ற குறைகளை விசாரணை நடக்கும்போதே துணைக் கண்காணிப்பாளரிடமோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ எழுத்தில் தர வேண்டும். பயனில்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தை நாட வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்கும் கடமை புதிய சட்டத்தின் 193ஆம் பிரிவில் காவல்துறைக்கு இருக்கிறது. மூன்றாண்டு கழித்துச் சாட்சி சொல்ல வந்த அன்று காலையில், விடுபட்ட ஆதாரத்தைப் பற்றி அரசு வழக்கறிஞரிடம் அழுவதால் அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.

கண்காணிப்புக் கேமராப் பதிவை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மளிகைக் கடையிலோ பனியன் கம்பெனி வாசலிலோ இருக்கும் கேமராவின் பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். கைப்பேசியில் நகலெடுத்து உறவினர் குழுவில் பரப்பினால் போதும் என்று நினைக்கிறார்கள். மூலப் பதிவுக் கருவியைக் காவல்துறை கைப்பற்ற வேண்டும்; நகலைத் தருவதானால் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் கூடவே இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாத பதிவை வைத்துக்கொண்டு எவ்வளவு திறமையான அரசு வழக்கறிஞராலும் வாதாட இயலாது.

வண்டித்தடத் தகராறு, வரப்புத் தகராறு, வாய்க்கால் முறைத் தகராறு ஆகியவற்றிலிருந்து பிறக்கும் வழக்குகளில் நான் மனம் வருந்திப் பார்த்த தவறு வேறு. வெட்டியவர்கள் அண்ணன் தம்பி இருவர் என்றால், அவர்களுடைய தகப்பனாரையும், மாமனையும், கல்லூரிக்குப் போகும் பையனையும் புகாரில் சேர்த்துவிடுகிறார்கள். பங்காளிப் பகைக்கு அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் சம்பவ நேரத்தில் அந்த மாமன் கோவையில் மருத்துவமனையில் படுத்திருந்தார் என்பது குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டுவிட்டால், உண்மையாகவே வெட்டிய இருவரைப் பற்றிச் சொன்னதன் மீதும் ஐயம் விழுகிறது. குற்ற வழக்கில் ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் போய்ச் சேரும். நடந்ததை விடக் கூட்டிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே எடுத்துக் கொடுத்த கருவியாகிறது. இப்படியொரு பலவீனம் வழக்கில் இருக்கிறதென்று தெரிந்தால், சாட்சி சொல்வதற்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கூண்டில் முதன்முறையாக அவர் அதைக் கேள்விப்படும்படி விடக்கூடாது.

வழக்குகளை இதைவிட அதிகமாகச் சாய்ப்பது பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதைக் கூண்டில் ஏறி மறுத்துவிடும் சாட்சி. "நாங்கதான் ஸ்டேசன்லயே எல்லாஞ் சொல்லிட்டமுங்களே" என்பார்கள். காவல் நிலையத்தில் பதிவுசெய்யும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையொப்பம் வாங்குவதையே சட்டம் தடுக்கிறது. அரசுத் தரப்புச் சாட்சியின் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டத்தான் அது பயன்படும், அதுவே சாட்சியம் ஆகாது. நடுவர் முன் சொன்ன வாக்குமூலமும் துணைச் சான்று மட்டுமே. உறுதிமொழி எடுத்துக்கொண்டு கூண்டில் நின்று சொல்வதுதான் சாட்சியம். அதற்கு முந்தைய மாதங்களில்தான் கோயில் திடலில் பெரிய மனிதர்கள் கூடுவார்கள், "போன உசுரு திரும்பியா வரப்போகுது, பொழைக்கிற வழியப் பாப்போம்" என்று ராஜி பேசுவார்கள். சிறு காயம் போன்ற சில குற்றங்களைச் சமரசம் செய்துகொள்ளப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவே வழி வகுத்திருக்கிறது. அவற்றை நீதிமன்றத்தில் வெளிப்படையாகவே முடித்துக்கொள்ளலாம். கொலையும் பாலியல் வன்கொடுமையும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைத் திடலில் முடித்துவிட்டுக் கூண்டில் 'நான் பார்க்கவில்லை' என்று சொல்வது ராஜி அன்று. 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய பொய்ச்சாட்சிக் குற்றம். அப்போது அரசு வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதி பெற்றுத் தம் தரப்புச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். நேற்று வரை 'நம்ம வக்கீல்' என்று நினைத்தவரே இப்படிக் கேள்வி கேட்கிறாரே என்று சாட்சி திகைப்பது, முதலில் சொன்ன தவறான எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

நம் மண்ணில் நடந்த இரண்டு வழக்குகளை எண்ணிப் பார்க்கலாம். 2015 ஜூனில் கொல்லப்பட்ட ஓமலூர் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கில், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் அவருடன் இருந்த முக்கியச் சாட்சி பிறழ்ந்துவிட்டார். இறந்தவரின் தாயார் ஓய்ந்துவிடாமல் உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. சிறப்பு அரசு வழக்கறிஞர் நடத்திய அந்த வழக்கில் கோயில் கேமராப் பதிவு நிலைத்து நின்றது. 2022 மார்ச்சில் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் வந்து பார்வையிட்டார்கள். ஒரு சாட்சி பிறழ்ந்தால் எவ்வளவு பேர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நம் தோட்டத்துத் தடத்தில் கேமரா இருக்கப் போவதில்லை. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்கள் சொல்லொணா அழுத்தத்துக்கு நடுவிலும் தம் சொல்லில் உறுதியாக நின்றார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்து, எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க உத்தரவிட்டது. அந்தப் பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதையே மேலோங்குகிறது.

மிரட்டலை வெளியில் சொல்லாமல் விழுங்கிக்கொள்வதும் தவறு. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதியின் தலைமையில் ஒரு குழு உண்டு. அதன் உறுப்பினர் செயலாளர் அம்மாவட்டத்தின் குற்ற வழக்கு தொடர்வுத் தலைவர். பாதுகாப்பு கேட்கும் மனுவை அவர் வழியாகவே தர வேண்டும். பிணையில் வந்தவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார் என்றால் தேதி, நேரம், வண்டி எண்ணோடு எழுதிக் காவல் நிலையத்திலும் அரசு வழக்கறிஞரிடமும் கொடுங்கள். பிணையை ரத்து செய்யக் கேட்க அவருக்குக் காகிதம் வேண்டும், வாய்ச்சொல் போதாது. பிணை மனு விசாரணையில் பாதிக்கப்பட்டவரும் தம் தரப்பைச் சொல்லலாம் என்பதை 2022இல் உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அரசே வழக்கைத் திரும்பப் பெற நினைத்தாலும், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அதற்கு இசைவு தரக்கூடாது என்று 360ஆம் பிரிவு சொல்கிறது.

சம்மன் வந்த நாளில் பத்தரை மணிக்கு நேராகக் கூண்டுக்குப் போய் நிற்காமல், ஒன்பதரைக்கே அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் நீங்கள் இன்ன வழக்கின் சாட்சி என்று சொல்லுங்கள். ஒரே நாளில் பல வழக்குகளின் கட்டுகள் அவர் மேசையில் இருக்கும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத் தாம் கண்டதாகச் சொல்லக்கூடாது.

விடுதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கருதுவதும், மேல்முறையீட்டை அரசு பார்த்துக்கொள்ளும் என்று காத்திருப்பதும் கடைசிக் கட்டத்துத் தவறுகள். அரசு மேல்முறையீடு செய்வதற்குக் கோப்பு பல மேசைகளைக் கடக்க வேண்டும். விடுதலையையோ, குறைந்த குற்றத்துக்கான தண்டனையையோ, போதாத இழப்பீட்டையோ எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்று 413ஆம் பிரிவு உரிமை தருகிறது. அதற்கு அரசு வழக்கறிஞரின் சம்மதமோ நீதிமன்றத்தின் முன் அனுமதியோ தேவையில்லை. குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நின்றுபோனாலும் 396ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம். கையில் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அதற்கு வருமான வரம்பு கிடையாது, 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது தீர்ப்பின் சான்றிட்ட நகல். தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுவைப் போட்டுவிட்டு ஊருக்கு வண்டி ஏறுங்கள்.