பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு: வக்கீல் இல்லாமல் மனு எழுதும் முறை

சிறைக்குள் அடிக்கப்பட்டாலோ, மருத்துவம் மறுக்கப்பட்டாலோ, குடும்பத்தாரைச் சந்திக்கும் நேர்காணல் காரணமின்றித் தடுக்கப்பட்டாலோ, அதை எதிர்த்து நீதிமன்றத்துக்கு எழுத வக்கீல் கட்டாயமில்லை. திகார் சிறைக் கைதி ஒருவர், சக கைதியைத் தலைமை வார்டன் கொடூரமாகத் தாக்கியதை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக (காவலில் உள்ளவரைக் காக்க நீதிமன்றத்திடம் கோரும் மனு) ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம், சிறைகளில் புகார்ப் பெட்டிகள் வைக்கவும் உத்தரவிட்டது. கடிதம் எழுதியவர் பெயரால் சுனில் பத்ரா வழக்கு எனப்படும் இதை உங்கள் மனுவில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டியதில்லை.

மனுவுக்கு வலுவூட்டுவது விவரம்தான். "இங்கே கொடுமை நடக்கிறது" என்று மட்டும் எழுதினால், நிர்வாகம் அதை ஒரே வரியில் மறுத்துவிடும். எந்தத் தேதி, ஏறத்தாழ எத்தனை மணி, எந்த பாரக் (கைதிகளை அடைக்கும் கூடம்), அடித்தவர் யார், உடலில் எங்கெங்கே காயம், உடன் இருந்தவர்கள் யார் என்பவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காதீர்கள். காயத்தைப் பதிவேட்டில் எழுதும்படி சிறை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால், அந்த மறுப்பையும் தேதியோடு சேருங்கள். கோரிக்கையும் திட்டவட்டமாக இருக்கட்டும்: வெளி மருத்துவமனையில் சிகிச்சை, விசாரணை, இழப்பீடு, எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த நாளின் சிசிடிவி பதிவு அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பது. ஜாமீன் கோரிக்கையை இதில் நுழைக்க வேண்டாம். அது தனி மனு.

கன்னடமும் ஆங்கிலமும் எழுத வராது என்பதற்காகவே தமிழ்க் கைதிகள் பலர் வாய்மூடி இருந்துவிடுவது வேதனைக்குரியது. முதலில் தமிழிலேயே எழுதுங்கள். காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச உதவி உண்டு. சிறையின் சட்ட உதவி மையத்தில் மொழிபெயர்த்துத் தரக் கேளுங்கள். மொழிபெயர்த்ததைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, உங்கள் சொல் மாறவில்லை என்று உறுதியான பிறகே பக்கந்தோறும் கையெழுத்திடுங்கள்.

சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்பும்போது, கொடுத்த தேதியைக் குறித்து மனுவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலுள்ள குடும்பத்தாரும் எழுதலாம். மகனைப் போலீஸ் காவலில் பறிகொடுத்த ஒடிசாத் தாய் நீலபதி பெஹெரா 1988இல் எழுதிய கடிதமே வழக்காகி, 1993இல் 1,50,000 ரூபாய் இழப்பீட்டைப் பெற்றுத் தந்தது. குடும்பத்தார் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுவதானால், சம்பவம் நடந்து ஓராண்டு கடப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.