பிளஸ் டூவுக்குப் பின் உடற்கல்வி, விளையாட்டு அறிவியல்: எந்த வேலைக்கு எந்தப் படிப்பு?

விளையாட்டில் ஈடுபாடுள்ள மாணவர் ஒருவர் கல்லூரிகளின் பெயர்ப் பட்டியலைத் தேடுவதற்கு முன், பள்ளியில் கற்பிக்க விரும்புகிறாரா, ஓர் அணிக்குப் பயிற்சியளிக்க விரும்புகிறாரா, ஆய்வகத்தில் வீரர்களின் உடல்திறனை அளந்து ஆராய விரும்புகிறாரா, காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளிக்க விரும்புகிறாரா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த நான்குக்கும் சேர்க்கைத் தகுதி வேறு, படிக்கும் ஆண்டுகள் வேறு. பட்டங்களின் பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால், தனக்குத் தேவையில்லாத படிப்பில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளை இழப்பவர்கள் இத்துறையில் குறைவில்லை.

பள்ளி ஆசிரியராக விரும்புவோரிடையேதான் குழப்பம் மிகுதி. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் உடற்கல்வி, விளையாட்டுக்கான இளநிலைப் படிப்பான மூன்றாண்டு பி.பி.இ.எஸ். பட்டப்படிப்பில் சேரலாம், ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் கொண்டு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகிவிட முடியாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்துள்ள தகுதியின்படி, பட்டத்துக்குப் பின் உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். முடித்திருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் விதிமுறைகளால் பி.பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாயிற்று. வேறு எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பங்கேற்ற சான்றும் இருந்தால் இதில் சேரலாம். எனவே வணிகவியலோ வரலாறோ படித்துக்கொண்டே கல்லூரி அணியில் ஆடுபவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநர் ஆக விரும்புபவர் அதன் முதுநிலைப் படிப்பான எம்.பி.எட். வரை படிப்பதற்குத் திட்டமிட வேண்டும்.

சேர்க்கையில் மதிப்பெண்ணோடு உடல்தகுதித் தேர்வும் விளையாட்டுச் சான்றிதழ்களும் கணக்கில் வரும். சான்றிதழ் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி, போட்டி நடந்த நாள், நடத்திய சங்கத்தின் அங்கீகாரம் ஆகிய நான்கையும் சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றே சரிபார்த்துவிட வேண்டும். ஐந்தாண்டு கழித்துத் திருத்தம் கேட்டுப் போகும்போது அதில் கையெழுத்திட்ட செயலாளர் அந்தப் பொறுப்பில் இல்லாமல் போகலாம். தேசியப் போட்டிகளில் மாநிலத்துக்காக ஆடியவர்களும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடியவர்களும் அதற்கென அரசு வகுத்துள்ள படிவத்தில் தரப்படும் சான்றையும் அப்போதே பெற்றுக்கொள்வது நல்லது. பின்னாளில் அரசுப் பணியின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அதைத்தான் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் இப்படிப்புகளுக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக், 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் இருந்தவர். காரைக்குடியில் அழகப்பா, திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் எனப் பிற ஊர்களிலும் உடற்கல்விக்கென்றே கல்லூரிகள் உள்ளன. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. அங்கு உடற்கல்வியுடன் யோகா, விளையாட்டு உளவியல், விளையாட்டு மேலாண்மை ஆகியவற்றுக்கும் துறைகள் உண்டு. வெளிமாநிலம் செல்லத் தயங்காதவர்கள் 1957இல் தொடங்கிய குவாலியர் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனத்தையும் கருதலாம்.

நாள் முழுவதும் மைதானத்தில் ஆடுவதுதான் இந்தப் படிப்பு என்று எண்ணி வருபவர்களுக்கு முதல் பருவமே கடினமாக இருக்கும். உடற்கூறியலும் பாடம் நடத்தும் பயிற்சியும் மட்டுமல்லாமல், கணக்கும் உண்டு. சான்றாக, 400 மீட்டர் ஓடுபாதை ஒன்றைச் சுண்ணாம்புத்தூளால் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும். நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒவ்வொரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். முதல் தடத்தை உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், மற்றவற்றை உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் அளப்பதால், முழுச் சுற்றையும் தத்தம் தடத்திலேயே ஓடும் 400 மீட்டர் பந்தயத்தில் இரண்டாம் தடத்துக்காரரின் தொடக்கக் கோடு 7.04 மீட்டர் முன்னே வரும். அதற்கடுத்த தடங்களில் இது 7.67 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகும். இதைத் தானே கணக்கிட்டு, நாடாவைப் பிடித்துக் குறித்த மாணவருக்கு, பின்னாளில் எந்தப் பள்ளி மைதானத்தையும் விளையாட்டு விழாவுக்குத் தயார்செய்யும் துணிவு வந்துவிடும்.

விளையாட்டு அறிவியல் இதிலிருந்து வேறுபட்டது. ஓடுபொறியில் வீரரை ஓடவிட்டு, முகமூடி வழியே அவர் மூச்சைச் சேகரித்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார் என்று அளப்பதும், விரல்நுனியிலிருந்து ஒரு துளி இரத்தமெடுத்து, கடும் உழைப்பின்போது தசைகளில் உருவாகும் லாக்டேட் என்ற பொருளின் அளவைப் பார்ப்பதும் இங்கு அன்றாட வேலை. உடலியக்கவியல், ஊட்டச்சத்து, உளவியல் ஆகியவை உடன் வரும். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் பட்டப்படிப்பு உண்டு. புள்ளியியலில் ஆர்வமில்லாதவர் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

பயிற்சியாளராக விரும்புவோர் நாடும் இடம் பாட்டியாலாவில் 1961இல் தொடங்கப்பெற்ற நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம். அதன் பயிற்சியாளர் டிப்ளமோவுக்குக் கல்வித்தகுதியுடன் அந்த விளையாட்டில் காட்டிய சாதனையும் வேண்டும் என்பதால், கல்லூரி நாட்களில் போட்டிகளை விட்டுவிடக் கூடாது.

சிகிச்சைத் துறையை விரும்புவோர் பத்தாம் வகுப்பு முடித்ததுமே முடிவெடுத்துவிட வேண்டும். இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபிக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவைப்படுவதால், பதினோராம் வகுப்பில் வேறு பிரிவை எடுத்தவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். இளநிலைப் பட்டத்துக்குப் பின் எம்.பி.டி. என்ற முதுநிலைப் படிப்பில் விளையாட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். யோகாவை மருத்துவமாகக் கற்க விரும்புபவருக்கு, பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு கொண்ட பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா) படிப்பு சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரியில் உண்டு.

கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பணியை எண்ணுபவர்களுக்கு, முதுநிலையில் 55 விழுக்காடும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேர்ச்சியும் போதா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் உடல்தகுதித் தேர்வையும் கேட்கின்றன. முப்பது வயதுக்கு உட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டரும், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். ஆகவே முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கியிருக்கும் ஆண்டுகளிலும் பயிற்சியைக் கைவிடலாகாது.

கட்டணம் கட்டுவதற்கு முன், பி.பி.எட்., எம்.பி.எட். படிப்புகளுக்கு அந்தக் கல்லூரி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பதைக் குழுமத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக்கு நேரில் செல்பவர்கள் அலுவலகத்தோடு திரும்பிவிடாமல், மாலை நான்கு மணிக்கு மேல் மைதானத்துக்குச் சென்று, எத்தனை பேர் பயிற்சி செய்கிறார்கள், ஆசிரியர்கள் உடனிருக்கிறார்களா, ஆய்வகக் கருவிகள் பயன்பாட்டில் இருக்கின்றனவா என்று பார்த்து, இறுதியாண்டு மாணவர் ஒருவரிடமும் பேசிவிட்டு முடிவெடுக்கலாம்.